கொழுப்பு, பாலிமர், தண்ணீர்: செயற்கைச் செல் சவ்வு எப்படி உருவாகிறது?

சென்னையில் மெம்பரேன் என்றதும் நினைவுக்கு வருவது சமையலறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. மெஷின்தான். சர்வீஸுக்கு வருகிறவர் டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்த்துவிட்டு, “மெம்பரேன் போயிடுச்சு சார், மாத்தணும்” என்பார். அந்தப் பழக்கத்தில் செல் சவ்வையும் அதே மாதிரிதான் மனதில் வரைந்து வைத்திருக்கிறோம்: மெல்லிய பிளாஸ்டிக் தாள், அதில் பொடிப்பொடித் துளைகள், சின்னது போகும், பெரியது நிற்கும். பள்ளிக்கூடமும் இந்தப் படத்தைக் கலைப்பதில்லை. வினிகரில் ஊறி ஓடு கரைந்த முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டுச் சவ்வூடு பரவலைக் காட்டுவார்கள். சோதனையில் தவறில்லை. ஆனால் அந்த முட்டைத் தோல் புரத நார்களால் ஆன வலை. செல் சவ்வு அந்த வகையே இல்லை.

இன்னொரு பக்கம் செய்திகள். ‘ஆய்வகத்தில் செயற்கைச் செல் உருவானது’ என்று தலைப்பு வரும். மருந்துக் கடையில் ‘லைப்போசோமல்’ வைட்டமின் சி விற்கும். கோவிட் காலத்தில் தடுப்பூசிக்குள் நானோ கொழுப்பு இருக்கிறதென்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்தினார்கள். மூன்றும் ஒரே விஷயத்தின் கிளைகள்: செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வைப் போன்ற ஒன்றை நாமே செய்ய முடியுமா, முடிந்தால் எதை வைத்துச் செய்வது? இதைப் புரிந்துகொள்ள வேதியியல் பட்டம் வேண்டாம். சோப்பு நுரை தெரிந்தால் போதும்.

## சவ்வு ஒரு திரவம்

பெசன்ட் நகர் கடற்கரையில் சோப்புக் குமிழி ஊதி விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குமிழியின் தோலைக் கவனியுங்கள். நிறங்கள் அதில் ஓடிக்கொண்டே இருக்கும், ஏனென்றால் தோலே ஓடிக்கொண்டிருக்கிறது. காய்ந்த விரலால் தொட்டால் உடையும். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலை மெதுவாக உள்ளே விட்டு எடுத்தால் உடையாது. விரல் வெளியே வந்ததும் தோல் தானாக மூடிக்கொள்ளும். அதில் தையலும் இல்லை, பசையும் இல்லை.

செல் சவ்வும் இப்படி ஒரு திரவத் தோல்தான். அதில் இருக்கும் ஒரு மூலக்கூறு தன் பக்கத்து மூலக்கூறோடு நொடிக்குக் கிட்டத்தட்ட ஒரு கோடி முறை இடம் மாற்றிக்கொள்கிறது. ஒரு பாக்டீரியாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அதற்கு ஒரு நொடி போதும். ஆனால் மேலும் கீழும் தாவுவது மிக அபூர்வம். தோலின் பரப்புக்குள்தான் இந்த ஓட்டமெல்லாம். ஆர்.ஓ. மெம்பரேனில் வேலை செய்யும் பாலிஅமைடு அடுக்கோ நேர் எதிர். அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் இறுகிக் கிடக்கின்றன. இன்று இருக்கும் இடத்திலேயே அடுத்த வருடமும் இருக்கும்.

செல் சவ்வின் தடிமன் 4 முதல் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். இவ்வளவு மெல்லிய ஒன்று, அதுவும் திரவம், எப்படி ஒரு உயிரை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

## தலையும் வாலும்

சவ்வின் முக்கியக் கட்டுமானப் பொருள் லிப்பிடு. கொழுப்பு, எண்ணெய் குடும்பத்து மூலக்கூறுகளுக்குப் பொதுப் பெயர் இது. அதில் பாஸ்போலிப்பிடு என்ற வகைக்கு ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலையில் பாஸ்பேட்டும் மின்சுமையும் இருப்பதால் அது தண்ணீரோடு இழைந்து போகும். வால்கள் எண்ணெயைப் போன்ற நீண்ட கரிமச் சங்கிலிகள். முட்டை மஞ்சள்கருவிலும் சோயாவிலும் இது நிறைய இருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்புறம் எமல்சிஃபையர் 322 என்று போட்டிருந்தால் அது லெசித்தின், அதாவது பெரும்பாலும் இந்தப் பாஸ்போலிப்பிடுகளின் கலவை.

வால்கள் தண்ணீரை விட்டு விலகும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஏன் விலகும் என்று கேட்டால், எண்ணெய்க்குத் தண்ணீர் ஆகாது என்பதுதான் வழக்கமான பதில். அது பதில் இல்லை, கேள்வியையே திருப்பிச் சொல்வது. உண்மையில் எண்ணெய் மூலக்கூறுக்கும் நீர் மூலக்கூறுக்கும் இடையே லேசான ஈர்ப்பே இருக்கிறது. காரணம் தண்ணீரிடம் இருக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே இருக்கும். ஒன்றை விட்டு அடுத்ததைப் பிடிக்கும், திரும்பி இன்னொன்றைப் பிடிக்கும், எந்தப் பக்கமும் பிடி கிடைக்கும். நடுவில் ஒரு எண்ணெய்ச் சங்கிலி வந்தால் அந்தப் பக்கம் பிடிக்க ஒன்றுமில்லை. சங்கிலியைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகள் குறிப்பிட்ட சில திசைகளில் மட்டுமே திரும்பி நிற்க வேண்டியதாகிறது. அவற்றின் சுதந்திரம் குறைகிறது. எண்ணெய்ச் சங்கிலிகள் எல்லாம் ஓரிடத்தில் ஒதுங்கினால், தண்ணீர் தொட வேண்டிய எண்ணெய்ப் பரப்பு குறையும், நீர் மூலக்கூறுகளுக்கு இழந்த சுதந்திரம் திரும்பக் கிடைக்கும். அப்படி நடப்பதற்குத்தான் வாய்ப்புகள் அதிகம், அதனால் அப்படித்தான் நடக்கிறது. வால்கள் ஓடி ஒளிவதில்லை. தண்ணீர் அவற்றை ஒதுக்கித் தள்ளுகிறது.

இப்போது குமிழிக்குத் திரும்பலாம். சோப்பு மூலக்கூறுக்கும் தலையும் வாலும் உண்டு. குமிழிக்கு உள்ளேயும் காற்று, வெளியேயும் காற்று. அதனால் அதன் தோலில் நடுவே மெல்லிய தண்ணீர்ப் படலம், அதில் முங்கிய தலைகள், இரு பக்கமும் காற்றில் நீட்டிய வால்கள். செல்லுக்கு உள்ளேயும் தண்ணீர், வெளியேயும் தண்ணீர். ஆகவே அங்கே வரிசை தலைகீழ்: இரு பக்கமும் தண்ணீரைத் தொடும் தலைகள், நடுவே ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு இரண்டு அடுக்கு வால்கள். இதற்குப் பெயர் ஈரடுக்கு. நடுவில் இருப்பது, சொல்லப்போனால், 3 நானோமீட்டர் தடிமனுள்ள எண்ணெய்.

சோப்பு ஏன் தண்ணீருக்குள் இப்படி ஈரடுக்கு ஆவதில்லை? வடிவம்தான் காரணம். சோப்புக்குப் பெரிய தலை, ஒரே வால். அடுக்கினால் வளைந்து சின்ன உருண்டையாகிவிடும். பாஸ்போலிப்பிடுக்கு இரண்டு வால் இருப்பதால் தலையின் அகலமும் வாலின் அகலமும் ஏறக்குறைய ஒன்றாகி, பக்கத்தில் பக்கத்தில் நின்றால் தட்டையாக விரியும். ஆனால் தட்டையான விரிப்புக்கு ஓரம் உண்டு. ஓரத்தில் வால்கள் தண்ணீரில் தெரியும். அதைத் தவிர்க்க ஒரே வழி, வளைந்து, ஓரமே இல்லாத ஒரு மூடிய பையாகிவிடுவது. லிப்பிடால் ஆன இந்த நுண்பைக்கு லைப்போசோம் என்று பெயர்.

கையைச் சோப்புப் போட்டு 20 நொடி கழுவச் சொன்னதன் அர்த்தமும் இங்கேயே இருக்கிறது. கொரோனா வைரஸின் வெளியுறை ஒரு லிப்பிடு ஈரடுக்கு. சோப்பு மூலக்கூறுகள் அதற்குள் நுழைந்து, தங்கள் வடிவத்துக்கேற்ப அதை வளைத்துத் துண்டு துண்டாகக் கொண்டுபோய்விடும்.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: சவ்வு என்பது லிப்பிடுகளின் ஈரடுக்கு, அது திரவம், அதை யாரும் ஒட்டிச் சேர்ப்பதில்லை, தண்ணீரே அதைச் சேர்த்து வைக்கிறது.

## இரண்டு தவறு ஒரு சரியான பதில்

இந்த ஈரடுக்கைக் கண்டுபிடித்த விதம் கொஞ்சம் வேடிக்கை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1774-ல் எழுதியிருக்கிறார்: லண்டனில் ஒரு குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டதும் அரை ஏக்கர் தண்ணீர் அலையடங்கிப் போனது. தேக்கரண்டியின் கொள்ளளவை அரை ஏக்கரால் வகுத்தால் சில நானோமீட்டர் வரும், ஒரு மூலக்கூறின் உயரம். அவர் அந்தக் கணக்கைப் போடவில்லை.

போட்டவர்கள் பின்னால் வந்தார்கள். நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர் என்ற குழந்தை மருத்துவரும் கிரெண்டெல் என்பவரும் 1925-ல் ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிடைப் பிரித்து நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். சிவப்பணுவில் உள்சவ்வுகள் கிடையாது, வெளிச்சவ்வு மட்டும்தான், அதனால் கணக்கு சுலபம். பரவிய லிப்பிடு அணுக்களின் பரப்பைப் போல் இரண்டு மடங்கு இடத்தை மூடியது. அப்படியானால் சவ்வில் இரண்டு அடுக்கு. பிறகு பார்த்தால், அவர்கள் லிப்பிடை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை. காய்ந்த அணுக்களை அளந்ததால் அணுவின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். ஒரு பிழை இன்னொரு பிழையைச் சரிக்கட்டிவிட்டது.

செயற்கைச் சவ்வு என்ற துறை தொடங்கியது 1960-களில். இங்கிலாந்தில் அலெக் பாங்கம், லெசித்தினைத் தண்ணீரில் கலந்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது வெங்காயம் போல் அடுக்கடுக்கான மூடிய பைகள் தெரிந்தன. அந்தப் பைகள் உப்பின் அயனிகளை, அதாவது மின்சுமை கொண்ட துகள்களை, உள்ளே பிடித்தும் வைத்துக்கொண்டன.

## ஆய்வகத்தில் செய்வது எப்படி

‘சவ்வை உருவாக்குகிறார்கள்’ என்று படித்ததும் நுண்ணிய கருவிகளால் மூலக்கூறு மூலக்கூறாக அடுக்குகிறார்கள் என்று தோன்றும். அப்படி எதுவும் இல்லை. லிப்பிடைக் குளோரோஃபார்மில் கரைத்து, கண்ணாடிக் குடுவையின் அடியில் காய வைத்தால் மெல்லிய பூச்சாகப் படியும். அதன் மேல் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் பூச்சு உப்பிப் பிரிந்து, பாங்கம் பார்த்த அதே வெங்காயப் பைகளாகும். அந்தக் கலங்கலை 100 நானோமீட்டர் துளையுள்ள வடிதாள் வழியாக இரண்டு சிரிஞ்சுகளுக்கு இடையே முன்னும் பின்னும் தள்ளுவார்கள், 11 முறை அல்லது 21 முறை. ஒற்றைப்படை எண் என்பதில் ஜோசியம் ஒன்றுமில்லை. கடைசித் தள்ளலில் கரைசல் எதிர்ப்பக்கம் போய்ச் சேர வேண்டும், வடிபடாமல் போன பெரிய துண்டுகள் புறப்பட்ட பக்கமே தங்கிவிட வேண்டும், அவ்வளவுதான்.

செல் அளவுக்குப் பெரிய பைகள் வேண்டுமென்றால் வேறு வழி. மின்சாரம் கடத்தும் கண்ணாடியில் லிப்பிடைப் பூசி, சர்க்கரைக் கரைசலை ஊற்றி, ஒன்றிரண்டு வோல்ட் மாறுமின்னழுத்தம் கொடுத்து வைத்தால் ஓரிரு மணி நேரத்தில் 10 மைக்ரோமீட்டர், அதற்கும் பெரிதான பைகள் குமிழ்விட்டு எழும். சாதாரணக் கல்லூரி நுண்ணோக்கியிலேயே பார்க்கலாம். பைக்கு உள்ளே சுக்ரோஸ், வெளியே குளுக்கோஸ் என்று வைப்பது ஒரு அழகான தந்திரம். சுக்ரோஸ் கரைசலின் அடர்த்தி அதிகம் என்பதால் பைகள் அடியில் போய் உட்காரும், தேடி அலைய வேண்டாம். ஆனால் இரு பக்கமும் செறிவு சமமாக இருந்தாக வேண்டும். வெளியே நீர்த்திருந்தால் தண்ணீர் உள்ளே ஏறிப் பை வெடிக்கும். வெளியே செறிந்திருந்தால் சுருங்கிப்போகும்.

வெப்பநிலையும் முக்கியம். ஒவ்வொரு லிப்பிடுக்கும் ஒரு உருகுநிலை உண்டு; அதற்குக் கீழே வால்கள் நேராக அடுக்கி நின்று சவ்வு இறுகிவிடும், அதற்கு மேலேதான் திரவம். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் ஒரு லிப்பிடுக்கு அது 41 டிகிரி செல்சியஸ். மே மாதச் சென்னையில் குடுவையை மொட்டை மாடியில் வைத்தாலே போதும் என்று கேலி செய்யலாம், ஏ.சி. அறைக்குள் வெந்நீர்த் தொட்டி இல்லாமல் வேலை நடக்காது. வெயிலைவிட இந்த ஊரின் ஈரக்காற்றுதான் பெரிய தொல்லை. மைனஸ் 20 டிகிரியில் வைத்த லிப்பிடு பாட்டிலை எடுத்த கையோடு திறந்தால் காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே குளிர்ந்து படிந்துவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை பொறுமையாகக் காத்திருந்து திறக்க வேண்டும்.

இந்தக் கலவையில் கொலஸ்ட்ராலும் சேரும். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் வில்லனாகத் தெரிகிற அதே கொலஸ்ட்ரால்தான். நம் செல்களின் வெளிச்சவ்வில் அது ஏராளமாக இருக்கிறது. வால்களுக்கு இடையே புகுந்து, சவ்வைத் திரவமாகவே வைத்துக்கொண்டு கசிவை மட்டும் குறைக்கிறது. அது இல்லாமல் ஒழுங்காக நிற்கும் மருந்து லைப்போசோம் அபூர்வம்.

## சல்லடை என்ற எண்ணம் ஏன் தவறு

ஈரடுக்கு அளவைப் பார்த்து எதையும் விடுவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் சோடியம் அயனியைவிடப் பல மடங்கு பெரியது. ஹார்மோன் சவ்வைத் தாண்டிப் போய்விடும். சோடியத்தால் கிட்டத்தட்ட முடியவே முடியாது. ஏன்? நடுவில் எண்ணெய். எண்ணெயில் கரைவது எளிதில் கடக்கும். அயனி அதற்குள் நுழைய வேண்டுமானால் தன்னைச் சுற்றி ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகளை உதற வேண்டும், அதற்கு ஆகும் ஆற்றல் மிகப் பெரிது. ஆக்ஸிஜன், கார்பன் டைஆக்சைடு தாராளமாகப் போகும். தண்ணீர் சுமாராகப் போகும். சர்க்கரை தயங்கும்.

அயனிகளை இப்படித் தடுப்பதால்தான் சவ்வு மின்சாரத்தைத் தேக்கி வைக்கிறது. ஒரு நரம்பு செல்லின் சவ்வுக்கு இரு பக்கமும் இருக்கும் வேறுபாடு சுமார் 70 மில்லிவோல்ட். கேட்க அற்பம். ஆனால் அது விழுவது 5 நானோமீட்டருக்குள். மீட்டருக்குக் கணக்கிட்டால் ஒரு கோடி வோல்ட்டைத் தாண்டும். காற்றில் பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும்.

அப்படியானால் செல்லுக்கு வேண்டிய சர்க்கரையும் உப்பும் எப்படி உள்ளே வருகின்றன? ஈரடுக்கில் பதிந்திருக்கும் புரதங்கள் வழியாக. ஒவ்வொரு புரதமும் ஒரு பொருளுக்கான வாசல். தண்ணீருக்கு மட்டுமான வாசல் அக்வாபோரின். இதைக் கண்டுபிடித்ததற்காகப் பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஒரு அக்வாபோரின் வழியாக நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகும், உப்பு போகாது.

இதைக் கேட்டதும் சென்னைக்காரருக்கு மீஞ்சூரும் நெம்மேலியும் நினைவுக்கு வரும். 2010-லும் 2013-லும் திறந்த அந்த முதல் இரண்டு கடல்நீர் ஆலைகளும் தலா தினம் 10 கோடி லிட்டர் குடிநீர் தரக் கட்டப்பட்டவை, இரண்டும் ஆர்.ஓ. முறை. அக்வாபோரின் பதித்த சவ்வு செய்தால் மின்செலவே இல்லாமல் குடிநீர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது நடக்காது. நல்ல தண்ணீர் சவ்வைத் தாண்டி உப்புப் பக்கம் ஏறப் பார்க்கும் அழுத்தம்தான் சவ்வூடு அழுத்தம். கடல்நீருக்கு அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 27 மடங்கு. எவ்வளவு அற்புதமான சவ்வாக இருந்தாலும் அந்த அழுத்தத்தை மீறித் தள்ளினால்தான் நல்ல தண்ணீர் வரும். வாசல் நன்றாகத் திறந்திருந்தால் அதற்கு மேல் வீணாகும் அழுத்தம் குறையலாம். மிச்சம் அவ்வளவே. அதற்கும் அந்த மெல்லிய திரவ ஈரடுக்கு ஆலை அழுத்தத்தில் கிழியாமல் நிற்க வேண்டும். லிப்பிடால் அது முடியாது, பாலிமர் உள்ளே வருவது இங்கேதான்.

## பாலிமர் எதற்கு

லிப்பிடுச் சவ்வுக்கு மூன்று பலவீனங்கள். பரப்பு ஐந்து சதவீதம் போல் இழுபட்டாலே கிழியும். நாளாக ஆக உள்ளிருப்பதைக் கசியவிடும். இரட்டைப் பிணைப்புள்ள வால்கள் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனால் கெட்டுப்போகும். உயிருள்ள செல் இதையெல்லாம் ஓயாமல் பழுதுபார்த்துக்கொண்டே இருக்கிறது, உள்ளே சட்டகமும் வைத்திருக்கிறது. குப்பியில் இருக்கும் லைப்போசோமுக்கு அந்த வசதி கிடையாது.

பாலிமர் என்பது ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோத்த நீண்ட சங்கிலி. ஒரு பாதி தண்ணீரோடு சேரும் சங்கிலி, மறுபாதி சேராத சங்கிலி என இரண்டை முனையோடு முனை இணைத்தால் அதற்கும் தலையும் வாலும் வந்துவிடுகிறது, லிப்பிடைவிடப் பல மடங்கு நீளத்தில். தலைக்குப் பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால், சுருக்கமாகப் பெக். பற்பசையிலும் மலச்சிக்கல் மருந்திலும் இருக்கும் அதே பொருள். வாலுக்கு அடிக்கடி பயன்படுவது பாலிபியூட்டடையீன், டயரில் சேரும் செயற்கை ரப்பர். சென்னையைச் சுற்றி இத்தனை டயர் ஆலைகள் இருக்கும்போது இந்தப் பெயர் பலருக்குப் புதிதாக இருக்காது.

இப்படிச் செய்த பைக்குப் பாலிமர்சோம் என்று பெயர். 1999-ல் அமெரிக்கக் குழு ஒன்று இவற்றை அளந்து வெளியிட்டது: லிப்பிடுச் சவ்வைவிடக் கிட்டத்தட்டப் பத்து மடங்கு உறுதி, பரப்பில் ஏறத்தாழ 20 சதவீதம் வரை இழுத்தாலும் தாங்கியது, தண்ணீர் கசிவு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. காரணம் எளிது. வால்கள் நீளம், அதனால் சவ்வு தடிமன், 8-லிருந்து 20 நானோமீட்டர் வரை போகும். அதோடு நீண்ட சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன.

ஆனால் அந்த உறுதிக்கு ஒரு விலை உண்டு. சிக்கிக்கொண்ட சங்கிலிகள் மெதுவாகத்தான் நகரும். புரத வாசல்கள் 3 நானோமீட்டர் எண்ணெய்க்கு ஏற்பச் செய்யப்பட்டவை. பத்து நானோமீட்டர் தடிமனுள்ள சவ்வில் அவை எப்படிப் பொருந்தும்? சில பாலிமர்களில் பொருந்துகின்றன. சங்கிலி வளையக்கூடியதாக இருந்தால் புரதத்தைச் சுற்றி மட்டும் சவ்வு அமுங்கி இடம் கொடுக்கும். 2007-ல் பாக்டீரியா அக்வாபோரினை ஒரு பாலிமர் சவ்வில் இப்படிப் பதித்துத் தண்ணீர் கடத்தவும் வைத்தார்கள். எல்லாப் புரதமும் இதற்கு ஒத்துழைக்காது.

சுருக்கமாக: லிப்பிடுக்கு உயிரோடு ஒத்துப்போகும் குணம், ஆயுள் குறைவு. பாலிமருக்கு ஆயுள், ஒத்துப்போவது கடினம்.

## இரண்டையும் கலந்தால்

அப்போ இரண்டையும் சேர்த்துவிட்டால் என்ன? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் ‘சேர்த்துவிட்டால்’ என்று சொல்வதுபோல் அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. 4 நானோமீட்டர் ஈரடுக்கும் 10 நானோமீட்டர் சவ்வும் ஒரே பையில் சந்திக்கும் இடத்தில் ஒரு படி உண்டாகிறது. அந்தப் படியில் தடித்த பக்கத்தின் வால்கள் தண்ணீரில் தெரியும். தண்ணீர் அதை விடாது. எல்லைக் கோட்டைக் குறைக்க லிப்பிடுகள் ஒரு பக்கமும் பாலிமர்கள் ஒரு பக்கமுமாகத் திரளும், பையில் திட்டுத் திட்டாகத் தெரியும். எல்லை இன்னும் சுருங்கினால் ஒரு திட்டு மொட்டாகப் பிதுங்கிப் பிரிந்தே போய்விடும். கலப்புப் பை செய்யப் போனவருக்குக் கிடைப்பது ஒரு லைப்போசோமும் ஒரு பாலிமர்சோமும்.

தீர்வு தடிமனைப் பொருத்துவதில் இருக்கிறது. குட்டைச் சங்கிலிப் பாலிமர், உருகுநிலை குறைந்த லிப்பிடு என்று எடுத்தால் இரண்டும் சீராகக் கலக்கின்றன. சிலிக்கோன் வால் கொண்ட பாலிமர்கள் இதற்கு அதிகம் எடுக்கப்படுகின்றன, அவற்றின் சங்கிலி நன்றாக வளையும். இப்படிக் கலந்த சவ்வுகளில் பதித்த புரதங்கள் வெறும் லைப்போசோமில் இருப்பதைவிட நீண்ட நாள் வேலை செய்வதை இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு காட்டியிருக்கிறது. அதே சமயம் திட்டுகளும் எப்போதும் கெடுதல் இல்லை. எந்தத் திட்டில் எந்தப் புரதம் போய் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கவும் அவை உதவும்.

லிப்பிடும் பாலிமரும் சேர்ந்த ஒரு பொருள் இதற்கெல்லாம் முன்பே மருந்தாகிவிட்டது. டாக்சில், 1995-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புற்றுநோய் மருந்து. சுமார் 100 நானோமீட்டர் லைப்போசோமுக்குள் டாக்சோருபிசின் என்ற மருந்து, வெளியே பெக் சங்கிலிகள் புல் முளைத்தாற்போல். இங்கே பாலிமர் சவ்வாகவில்லை, சவ்வின் மேல் ஒரு போர்வை மட்டும். உடலின் காவல் செல்கள் பையைச் சட்டென்று பிடித்து விழுங்காமல் அது பார்த்துக்கொள்கிறது. சாதாரண டாக்சோருபிசினால் இதயத்துக்கு வரும் பாதிப்பு இதில் குறைவு. அமெரிக்காவில் டாக்சில் தட்டுப்பாடு வந்த 2012-ல், சன் ஃபார்மாவின் இந்தியத் தயாரிப்பான லிப்போடாக்ஸைத் தற்காலிகமாக இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களின் மருந்துச் சீட்டில் ‘லைப்போசோமல்’ என்று பார்த்தால் அது அலங்காரச் சொல் இல்லை, வேறு மருந்து என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அளவும் வேறு, பக்கவிளைவும் வேறு.

## பேச்சுவழக்கில் குழம்புகிற மூன்று

வைட்டமின் பாட்டிலில் இருக்கும் ‘லைப்போசோமல்’ வேறு கதை. உள்ளே உண்மையில் மூடிய ஈரடுக்குப் பைகள்தான் இருக்கின்றனவா, வெறும் லெசித்தின் கலவையா என்பதை லேபிளைப் பார்த்துச் சொல்ல முடியாது. பைகளாகவே இருந்தாலும் குடலில் பித்த உப்புகள் காத்திருக்கின்றன. அவை சோப்பு போலவே ஈரடுக்கைக் கலைப்பவை. அதிக விலை கொடுக்கும் முன் இதை யோசிப்பது நல்லது.

கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் இருந்த லிப்பிடு நானோதுகள் லைப்போசோம் அல்ல. லைப்போசோமுக்குள் தண்ணீர் இருக்கும். நானோதுகளின் உள்ளே எம்ஆர்என்ஏவும் அதைப் பிடித்திருக்கும் லிப்பிடுகளும் நெருக்கமாக அடைந்து கிடக்கும். நம்மில் பெரும்பாலானோர் போட்டுக்கொண்ட கோவிஷீல்டிலும் கோவேக்சினிலும் இந்தத் தொழில்நுட்பமே கிடையாது.

மூன்றாவது, செயற்கைச் செல். 2010-ல் கிரெய்க் வென்டர் குழு வேதிமுறையில் தயாரித்த முழு மரபணுத் தொகுதியை ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்து அதை இயங்கச் செய்தபோது உலகமெங்கும் ‘செயற்கை உயிர்’ என்று எழுதினார்கள். தொகுதி மட்டும்தான் செயற்கை. அதைப் பெற்றுக்கொண்ட செல்லும் அதன் சவ்வும் ஏற்கெனவே உயிரோடு இருந்தவை. சவ்விலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் உயிரற்ற பொருளிலிருந்து சேர்ப்பது வேறு முயற்சி, அது இன்னும் முடியவில்லை.

அங்கே இருக்கும் பெரிய முட்டுக்கட்டை வளர்ச்சி. ஒரு பை இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அதற்கு முன் அதன் சவ்வு பெருக வேண்டும், அந்தப் புதுச் சவ்வை அதுவே உள்ளிருந்து தயாரிக்க வேண்டும். இங்கே உறுதியான பாலிமர் பின்தங்கிப்போகிறது. பாலிபியூட்டடையீன் போன்ற வால்களை உண்டாக்கும் வழக்கமான வேதிவினை ஈரம் பட்டாலே நின்றுவிடும். தண்ணீர் நிறைந்த ஒரு பைக்குள் அது எப்படி நடக்கும்? லிப்பிடை நொதிகள் தண்ணீரிலேயே தயாரிக்கும். 2020-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு ஒன்று, லைப்போசோமுக்குள் மரபணுவை வைத்து, அதிலிருந்து நொதிகளை உண்டாக்கி, அந்த நொதிகளால் புது லிப்பிடும் செய்து காட்டியது. லிப்பிடு உருவானது, சவ்விலும் சேர்ந்தது. ஆனால் பை இரட்டிப்பாகத் தேவையான அளவுக்குப் பக்கத்தில்கூட அது வரவில்லை.